பார்சல் கட்டிய குரல்

மனித குல வரலாற்றில் நெருப்பு ஒரு யுகம், சக்கரம் ஒரு யுகம், மூன்றாவதாக இதோ முத்திரைப் பெட்டியின் யுகம் பிறக்கிறது என்று செங்கோடன் அறிவித்தபோது ஏழாம் மாடிக் கூட்ட அறை கைதட்டலில் அதிர்ந்தது. அவர் ஒரு விநாடி கண்ணை மூடி அந்த ஒலியை உள்வாங்கிக்கொண்டார். திறந்து பார்த்தால் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்த கதவு வழியாகக் கேன்டீன்காரர் மெதுவடைத் தட்டோடு நுழைந்துகொண்டிருந்தார்.

ஆண்டு 2041. இடம் கோயம்புத்தூர், ஆரோக்கிய சாகரம் மருத்துவமனைக் குழுமத்தின் தலைமையகம். குழுமத்தின் இருபத்திரண்டு மருத்துவமனைகளிலும் லிப்டிலிருந்து ரத்த வங்கி வரை எல்லாமே லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடின. அந்த லினக்ஸுக்கு மென்பொருளை எப்படிக் கட்டி அனுப்புவது என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி இருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான செங்கோடன் அதன் தலைவர். அப்படி ஒரு கமிட்டி இருப்பதே குழுமத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் தங்கள் வெற்றி என்று அவர் வெளியே சொல்லிக்கொள்வார். உள்ளுக்குள் அது அவரை அரித்துக்கொண்டேயிருந்தது.

அன்றைக்குக் கட்டி அனுப்ப வேண்டிய சரக்கு, குரல்.

தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் கழுத்தில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். வாயை அசைத்தால் போதும். கழுத்துத் தசையின் துடிப்பைப் படித்து அவர்களுக்காகப் பட்டை பேசும். குழுமத்தின் குரல்பட்டையை ஒன்பதாயிரம் பேர் கட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் அதே அறையில், செங்கோடனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து வடையைத் தொடாமல் முறைத்துக்கொண்டிருந்தார்.

அவர் இசக்கிமுத்து. உடன்குடிக்காரர். இருபது வருடமாகச் செங்கோடனுக்குப் பக்கத்து மேசை. குரல்வளை போய் ஆறு வருடமாகிறது. பட்டையோடு எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட பொதுக்குரல் அவருக்கு ஒப்பவில்லை. "செய்தி வாசிக்கிறவன் எவனோ வந்து என் வாயில உக்காந்துக்கிட்டான்வே" என்பார். ஆகவே மகளின் காதுகுத்து வீடியோ, கேஸ் ஏஜென்சியோடு போட்ட சண்டைகளின் போன் பதிவு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, நான்கு வருடம் ராப்பகலாகத் தட்டித் தட்டித் தன் பழைய குரலை மீட்டெடுத்தார். அதை ஒரு சின்ன பேக்கேஜாகக் கட்டி, எல்லாப் பட்டைகளும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் பொதுக் கிடங்கில் வைத்தார். அவர் பட்டை மட்டும் அங்கிருந்து அந்தக் குரலை எடுத்துக்கொண்டது. முதல்முறை அது பேசியபோது அவர் மனைவி சந்தனமாரி, கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாராம்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் செங்கோடனின் யுகம் வேட்டு வைக்கப் பார்த்தது.

மூன்று வாரத்துக்கு முன் அதே அறையில் நடந்த விவாதத்தைக் கேட்டிருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். குழுமத்தின் சேர்மன் டாக்டர் பழனியப்பன்தான் ஆரம்பித்தார்.

"லினக்ஸுங்கறது அந்தப் பெங்குவின் சின்னம் போட்டதுதானே?"

"பெங்குவினேதானுங்க சார்" என்றார் செங்கோடன்.

"நான் ஒரு சர்ஜன். எனக்கு வெட்டவும் தைக்கவும் தெரியும். பழைய முறைக்கும் உங்க புது முறைக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி ஒரு வரியில சொல்லுங்க."

முந்திக்கொண்டார் இசக்கிமுத்து. "சார், கல்யாணப் பந்தின்னு வச்சுக்கிடுங்க. சாம்பார் ஒரே அண்டாவுல. ரசம் ஒரே அண்டாவுல. எத்தன எல போட்டாலும் அங்கன இருந்துதான் வரும். இப்ப நாம வச்சிருக்கது அந்த முறை. உப்பு கம்மின்னா அண்டாவுல ஒரு கை அள்ளிப் போட்டாப் போதும், அத்தன எலைக்கும் சரியாயிரும்."

"அண்டாவுல பல்லி விழுந்தா என்னுங்க அண்ணாச்சி பண்ணுவீங்க?" என்றார் செங்கோடன். சேர்மன் பக்கம் திரும்பினார். "ஏற்கெனவே ஒருக்கா விழுந்திருக்குதுங்க சார். மூணு வருசத்துக்கு முன்னால பொதுக் கிடங்குல ஒரே ஒரு பைல் தப்பாப் போயி, ஒன்பதாயிரம் பேரும் நாப்பது நிமிசம் ஊமையாப் போயிட்டாங்க. ஈரோட்டுல ஒருத்தர் பாத்ரூமுல வழுக்கி விழுந்து, கூப்பிட முடியாமக் கெடந்தாருங்க."

அது உண்மை.

"அன்னைக்கு நானுந்தாம்வே ஊமையாக் கெடந்தேன்" என்றது இசக்கிமுத்துவின் பட்டை. கரகரப்பும், வாக்கியத்தின் கடைசியில் ஏறுகிற அந்த எள்ளலும் அப்படியே இருந்தன. "நாப்பது நிமிசத்துல அண்டாவச் சரி பண்ணுனது ஆரு? அத்தன பேருக்கும் ஒரே சமயத்துல குரல் திரும்புனது எப்பிடி? அண்டா ஒண்ணா இருந்ததாலதான?"

"நம்ம புது முறை, இந்த முத்திரைப் பெட்டி, பார்சலுங்க சார். ஒவ்வொரு பார்சலுக்குள்ளயும் அதுக்கு வேண்டிய சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய் வரைக்கும் தனித்தனியா வச்சு, கட்டி, சீல் வச்சிருவோம். ஒண்ணு கெட்டா இன்னொண்ணுக்கு ஒட்டாது. வெளியில இருந்து ஒருத்தரும் கை வைக்க முடியாது."

"உப்பில்லாத பார்சலுக்கு உப்பு எப்பிடிவே போடுவீரு?"

"புதுப் பார்சல் கட்டுவோமுங்க."

"கட்டி, சீல் வச்சு, மருத்துவக் கருவிச் சான்றிதழ் வாங்கிக்கிட்டு வர எம்புட்டு நாளாகும்?"

செங்கோடன் தண்ணீர் குடித்தார். "மாதிரிப் பார்சலுக்கு மூணு வருசம் ஆச்சுங்க. போன வாரந்தான் வந்துச்சு."

"கேட்டுக்கிட்டீயளா சார்? மூணு வருசம் உப்பில்லாமத் திங்கணும்."

"எனக்கு உப்பே சேர்க்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றார் சேர்மன். ரத்தக்கொதிப்பு இருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இருபது வருடத் தொழில் அனுபவங்கள் இரண்டு மோதிக்கொண்ட விவாதம் அந்த இடத்தில் முடிந்துபோயிற்று.

மெதுவடை வந்த இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடந்தது வெறும் சடங்குக்குத்தான். ஆனால் சடங்கிலும் இசக்கிமுத்துவுக்கு ஒரு வழி இருந்தது. கமிட்டியின் பதினாலாம் விதி: எதிர்ப்பு இருந்தால் கூட்டத்திலேயே வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், ஒரே ஒரு எதிர்ப்பு பதிவானாலும் திட்டம் ஆறு மாதம் தள்ளிப் போகும். இந்த விதியைக் கொண்டுவந்தவரே இசக்கிமுத்துதான், குரல் இருந்த காலத்தில். ஆளாளுக்கு நாற்பது பக்கம் மறுப்பு எழுதி அனுப்புகிறார்கள் என்று எரிச்சல்பட்டு, "தைரியமிருந்தா வாயத் தொறந்து சொல்லட்டும்" என்று மேசையைத் தட்டி நிறைவேற்றினார்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒப்புதலுக்கு முன் ஓர் உண்மையான பட்டையில் புதுப் பார்சலை ஏற்றிக் காட்ட வேண்டும். பணியாளர்களில் பட்டை கட்டியவர் ஒருவரே. காலையில் செங்கோடன் அவர் மேசைக்குப் போய்த் தலையைச் சொறிந்தார்.

"என் கழுத்துலேயே கட்டும்" என்றார் இசக்கிமுத்து. "அதுல என்ன கோளாறுன்னு கூட்டத்துல நானே சொல்லுதேன். ஆனா என் குரலு?"

"அது கிடங்குல பத்திரமா இருக்குதுங்கண்ணாச்சி. சாயங்காலமே பழையதுக்குத் திருப்பிடலாமுங்க. பன்னெண்டே நிமிசம், பார்சல் ஏறிடும். ஒரு காப்பி குடிக்கிற நேரம்."

பழைய முறையில் ஓர் அப்டேட் என்பது கையளவுச் சரக்கு. சாம்பார் அண்டாவில் இருக்கும்போது இலைக்கு உப்புதானே வர வேண்டும்? பார்சலோ அண்டா அளவுக்கே இருந்தது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வருவதால் பழையதைப்போல இருநூறு மடங்கு. இதைத்தான் இசக்கிமுத்து கூட்டத்தில் முதல் பாயிண்டாகச் சொல்வதாக இருந்தார். பத்தரைக்கு ஏற ஆரம்பித்தது. பதினொன்றுக்குக் கூட்டம் தொடங்கியபோது முப்பத்தொரு சதவீதம். வடை வந்தபோது நாற்பத்தாறு. அவருடைய வாதம் எவ்வளவு சரியானது என்பதை அவர் கழுத்திலேயே சிவப்பு விளக்கு நிரூபித்துக்கொண்டிருந்தது. அந்த நிரூபணம் முடிகிற வரைக்கும் அவரால் வாய் திறக்க முடியாது.

"எதிர்ப்பு ஏதாவது உண்டா?" என்று சேர்மன் வடைக்கு நடுவே கேட்டார்.

இசக்கிமுத்து கையைத் தூக்கினார். வாய் அசைந்தது. சத்தமில்லை.

"பாருங்க" என்று சேர்மன் நெகிழ்ந்தார். "அன்னைக்கு எவ்வளவு கோபமாப் பேசினாரு! இன்னைக்கு அவரே கை தூக்கி ஆதரிக்கிறாரு. இதுதான் ஆரோக்கிய சாகரத்தோட பண்பாடு."

எல்லோரும் கைதட்டினார்கள். இந்த முறை வடைக்காக அல்ல. இசக்கிமுத்து மேசையை ஓங்கித் தட்டினார். அதுவும் கைதட்டலோடு கலந்துபோயிற்று. பிறகு ஒரு தாளைப் பிடுங்கி எழுதித் தூக்கிக் காட்டினார்.

நடவடிக்கைக் குறிப்பு எழுதும் ஹேமாவதி குனிந்து, "சார், அவர் ஏதோ எழுதிக் காட்டுறாரே" என்றார்.

செங்கோடன் நிமிர்ந்தார். இசக்கிமுத்துவின் கண்ணும் அவர் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன. தாளில் இருந்தது மூன்றே சொல். தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிந்தது. செங்கோடனுக்குச் சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் பேச அழைப்பு வந்திருந்தது, தலைப்பு 'முத்திரைப் பெட்டி: ஒரு வெற்றிக் கதை'. வெற்றி ஆறு மாதம் தள்ளிப் போனால் கதை மட்டும் மேடையேறாது. ஈரோட்டு மனிதரையும் அவர் நினைத்துக்கொண்டார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டாவதாகத்தான் நினைத்தார்.

"வாய்மொழியாச் சொன்னா மட்டும் ஏத்தும்மா" என்றார். "விதி பதினாலு."

ஹேமாவதி எழுதினார்: எதிர்ப்பு எதுவும் எழவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு, காலித் தட்டுகளும் செங்கோடனும் மட்டும் மிஞ்சிய அறையில், பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. இசக்கிமுத்து சொன்னார்: "எனக்கு எதிர்ப்பு இருக்கு."

இருவரும் திடுக்கிட்டார்கள். அது செங்கோடனின் குரல்.

மூன்று வருடத்துக்கு முன் சான்றிதழுக்கு அனுப்ப மாதிரிப் பார்சல் கட்டியபோது, பொதுக்குரலுக்கு உரியவர் புதுப் பார்சலில் தன் குரலை வைக்கச் சம்மதம் தரவில்லை. காலி இடத்தை நிரப்பச் செங்கோடன் தானே பேசிப் பதிவு செய்து, 'தற்காலிகம்' என்று குறிப்பெழுதி வைத்துவிட்டார். அப்புறம் மறந்துபோனார்.

திங்கட்கிழமை ஹேமாவதி அவருக்கு நிலைமையை விளக்கினார்.

"மாத்தவே முடியாதாம்மா?"

"பழைய முறையா இருந்தா அந்த ஒரு பேக்கேஜை மட்டும் மாத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள எல்லார் கழுத்துக்கும் அனுப்பியிருக்கலாம் சார். இது பார்சல். சான்றிதழ், நீங்க அனுப்பின மாதிரிக்குத்தான். அதுல ஒரு எழுத்து மாறினாலும் சீல் உடைஞ்ச மாதிரி. மறுபடி மூணு வருஷம்."

"தற்காலிகம்னு எழுதியிருந்தேனே?"

"அந்தக் குறிப்பும் உள்ளதான் இருக்கு சார். அதையும் சேர்த்துத்தான் சீல் வச்சிருக்காங்க."

உண்மையைச் சொன்னால், பார்சல் எல்லாப் பட்டைகளிலும் ஏறிய முதல் சில நாள் செங்கோடனுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சிகூட இருந்தது. பள்ளி நாடகத்தில்கூட மரமாக நின்றவர் அவர். இப்போது கன்னியாகுமரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஒன்பதாயிரம் வாய்களில் அவர்! ஒரு நாள் லிப்டில் முதுகுக்குப் பின்னால், "அஞ்சாவது மாடிங்களா?" என்று யாரோ கேட்டார்கள். திரும்பினால் தலை நிறையப் பூ வைத்த ஓர் அம்மாள். பெண்களுக்கு அதே குரலைப் பார்சலே இரண்டு கட்டை ஏற்றிக் கொடுத்தது. செங்கோடனுக்கு யாரோ பெண் வேடம் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மாள் அவர் "ஆமாங்க" என்றதைக் கேட்டதும் முகம் சிவந்து அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனார். அன்றிலிருந்து செங்கோடனும் படியைத்தான் பயன்படுத்தினார்.

இசக்கிமுத்துவின் பட்டை பழையதற்குத் திரும்பவில்லை. ஒப்புதல் கிடைத்த கணத்தில் அது சோதனைக் கருவி என்ற நிலையிலிருந்து முதல் பயனாளர் கருவி என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டதாம். இனி அதைத் திருப்புவது சீலை உடைப்பது. குரலையாவது காப்பாற்றி வைக்கலாம்; அதன் ஒரே பிரதி பொதுக் கிடங்கில்தான் இருந்தது. கிடங்கை மூட இன்னும் முப்பது நாள் இருந்தது. மூடப்போகும் கிடங்கிலிருந்து எதையும் பிரதி எடுக்கக் கமிட்டித் தலைவரின் அனுமதி வேண்டும். செங்கோடன் நேர்மையான மனிதர். ஆகவே தனக்குத் தானே முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதி, அலுவலக வழியில் அனுப்பினார். அது மூன்று துறைகளைச் சுற்றிப் பரிந்துரைகளோடு அவர் மேசைக்கு வந்து சேர்ந்தபோது, பூசணிக்காய் உடைத்து அவர் கையாலேயே கிடங்கின் கடைசி சர்வரை அணைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. 'ஒப்புதல் அளிக்கப்படுகிறது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே இசக்கிமுத்துவின் ராஜினாமா தபாலில் வந்தது. சிங்கப்பூரில் செங்கோடன் இருபது நிமிடம் பேசினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். அவருக்கோ தன் குரலைக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரைக் கிலோ மைசூர்பாவோடு வடவள்ளியில் இசக்கிமுத்துவின் வீட்டுக் கதவைத் தட்டினார். சந்தனமாரி திறந்தார். "வாங்க" என்று கதவிலிருந்து விலகி நின்றார்.

"அண்ணாச்சி இருக்காருங்களா?"

"இருக்காக. வேற எங்க போவாக?" முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வீட்டுல அவுக பட்டையக் கட்டுததே இல்ல. மொத நாளு கட்டிக்கிட்டு 'சந்தனம், தண்ணி கொண்டா'ன்னாக. நான் முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு அடுக்களையில இருந்து ஓடியாந்தேன், வேத்தாம்பள எவனோ உள்ள வந்துட்டான்னு. அன்னைக்கு அவுத்து வச்சதுதான். இப்பம் எல்லாம் சிலேட்டுதான். மக போன் பண்ணுனா இவுக போன வாங்கிக் காதுல மட்டும் வச்சுக்கிடுதாக. அவ பேசிக்கிட்டே இருப்பா."

"நீங்க என்னை வையலாமுங்க" என்றார் செங்கோடன்.

"நான் எதுக்கு வையணும்? வையவேண்டியவுக உள்ள இருக்காக" என்று சொல்லிவிட்டு சந்தனமாரி உள்ளே போனார்.

இசக்கிமுத்து வந்தார். இளைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து, மைசூர்பா டப்பாவைப் பார்த்தார், செங்கோடனைப் பார்த்தார். வரும்போது மனப்பாடம் செய்திருந்த மன்னிப்பு செங்கோடனுக்குப் பாதியில் நின்றுபோயிற்று. கடைசியில் இசக்கிமுத்துவே எழுந்து, அலமாரிக்கு மேலிருந்து பட்டையை எடுத்து, தூசி தட்டிக் கழுத்தில் கட்டிக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உம்ம மேல கோவம் இல்லவே."

உடன்குடிச் சொல், திருச்செங்கோட்டு இழுப்பு. தன் வாய் மூடியிருக்க, எதிரிலிருந்து தானே தன்னை 'வே' போட்டு அழைப்பதைச் செங்கோடன் கேட்டார்.

"நாலு வார்த்த நல்லா வஞ்சுட்டு வந்துருவோம்னு எத்தனையோ தடவ இந்தப் பட்டையக் கையில எடுத்திருக்கேன். ஆனா வஞ்சாலும் உம்ம குரல்லதான வையணும், அது நீரே உம்மள வஞ்சுக்கிட்ட மாதிரில்லா போயிரும், அதுல எனக்கு என்னவே ஆறுதல் இருக்குன்னு நெனச்சு, திரும்ப அவுத்து வச்சிருவேன்."

வாக்கியம் தணிந்து முடிந்த இடத்தில் ஒரு சின்ன விசும்பல் கேட்டது. மூக்கை மெல்ல உறிஞ்சி, அடக்கிக்கொள்ளும் சத்தம்.

செங்கோடன் உடைந்துபோனார். நாற்காலியை விட்டு நழுவி, இசக்கிமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அழாதீங்கண்ணாச்சி. நீங்க அழுவக் கூடாதுங்க. அன்னைக்கு நீங்க எழுதிக் காட்டினத நான் படிச்சேனுங்க. படிச்சுப்போட்டுத்தான் பதினாலாம் விதியச் சொன்னேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல." ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்றிருந்தது அத்தனையும் கொட்டியது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். நண்பர் தனக்காகக் கண்ணீர் விட்டதில் ஏதோ ஒரு கணக்கு நேராகிவிட்டது போலவும் இருந்தது அவருக்கு.

இசக்கிமுத்து கையை உருவிக்கொள்ளாமல், புரியாதவராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் காய்ந்திருந்தன. குரல்வளையை எடுத்தவர்களுக்கு மூச்சு கழுத்துத் துளை வழியாகத்தான். மூக்கை உறிஞ்ச அவர்களால் முடியாது. பட்டை கட்டிய ஒன்பதாயிரம் பேரும் நீளமாகப் பேசி முடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் வந்தது.

குரல் பதிவு செய்த அன்று செங்கோடனுக்கு ஜலதோஷம்.